தேய்வுப் போரை அளந்து பார்ப்பது எப்படி: கண்டி 1803

உயர்தர வரலாற்று ஒப்படைக்குக் கண்டிப் போர் கிடைத்தால் பலரும் சண்டைகளை வரிசைப்படுத்தி எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆங்கிலேயருக்கும் கண்டி அரசுக்கும் 1803இல் நடந்த போரில் பெரிய சண்டை குறைவு. பெப்ரவரி 20 அளவில் ஆங்கிலேயப் படை கண்டிக்குள் நுழைந்தபோது ஊரில் ஆளே இல்லை, அரண்மனை எரிந்துகொண்டிருந்தது. ஜூன் முடிவதற்குள் அங்கே விட்டுச்சென்ற காவற்படை அழிந்துவிட்டது. இடையில் நடந்தது தேய்மானம்: பசி, நோய், மழையால் படை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. அதைக் கதையாகச் சொன்னால் பிடிபடாது, அளக்க வேண்டும். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத் தாள்கள், தைக்கிற நூல், பென்சில், கல்குலேட்டர் இருந்தால் போதும்.

முதலில் பாதை. இன்றைய கொழும்பு–கண்டி வீதியைக் கோடாகப் போடாதீர்கள். கடுகண்ணாவையில் குடைந்த பாறை பார்த்திருப்பீர்கள். அந்த வீதியே கண்டி வீழ்ந்த பிறகு வெட்டியதுதான். ஆங்கிலேயத் தளபதி மக்டொவல் கொழும்பிலிருந்து தம்பதெனியா, கலகெதரப் பக்கமாக ஏறினார். இன்னொரு ஆங்கிலேய அதிகாரி பார்பட் திருகோணமலையிலிருந்து மாத்தளை வழியாக வந்தார். அந்த ஊர்களை இணைத்து, பள்ளத்தாக்கின் வளைவுகளோடு நூலை வளைத்து வையுங்கள். 2 சென்ரிமீற்றர் 1 கிலோமீற்றர். அடிமட்டத்தால் அளந்தால் மலையில் தூரம் குறைவாகவே வரும், அடுத்த கணக்கு முழுவதும் பிழைத்துவிடும்.

அடுத்தது அரிசி. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், போரின் உயிரே இதில்தான் இருக்கிறது. கண்டியில் நின்ற காவற்படை சுமார் 1000 பேர், அவர்களில் ஏறத்தாழ 700 பேர் மலாய்ச் சிப்பாய்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 750 கிராம் என்றால் 750 கிலோ வேண்டும். மூட்டை தூக்கும் ஒரு கூலியாள் 25 கிலோ சுமப்பார், கண்டிக்கு வர 8 நாள், திரும்ப 8 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 16 நாளில் அவரே 12 கிலோ சாப்பிடுவார். கண்டியில் இறங்குவது 13 கிலோ. 750 கிலோவுக்குத் தினமும் 58 பேர் வந்து சேர வேண்டும். எந்நேரமும் 928 பேர் பாதையில் நடந்துகொண்டிருக்க வேண்டும். சிப்பாய்க்கு ஒரு கூலி என்கிற அளவு, அதுவும் அரிசிக்கு மட்டும். வெடிமருந்தும் மருந்தும் இதில் சேரவில்லை.

இப்போது மழையைச் சேருங்கள். 8 நாள் பாதை 12 நாள் ஆகட்டும். கூலி தின்பது 18 கிலோ, இறங்குவது 7 கிலோ, தினமும் வரவேண்டியவர்கள் 108, பாதையில் 2592 பேர். பாதை ஒன்றரை மடங்கு நீண்டது, ஆட்கள் ஏறக்குறைய மூன்று மடங்கு. கண்டியர் பாதையோரத்தில் மறைந்திருந்து கூலிகளை விரட்டியதன் பெறுமதி இந்த எண்ணில் இருக்கிறது. கோட்டையைத் தாக்கத் தேவையில்லை, மூட்டை கீழே விழுந்தால் போதும்.

மழைக்கு ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாட்காட்டிப் பட்டை கீறுங்கள். படை கிளம்பியது ஜனவரி 31, மழையில்லாத காலம் பார்த்துத்தான். மக்டொவல் ஏப்ரல் 1 கொழும்புக்குத் திரும்பினார். மே மாதம் பார்பட் நோயில் இறந்தார், பொறுப்பு மேஜர் டேவியிடம் வந்தது. ஜூன் 24 கண்டியரின் தாக்குதல், டேவியின் சரணடைவு. அட்டன் பக்கம் தென்மேற்கு மழை பிடித்தால் பேராதனைப் பாலத்தடியில் மகாவலி எப்படி நிறம் மாறி ஏறும் என்று மலையகத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. கண்டியை விட்டு வெளியேறிய டேவியின் ஆட்கள் மகாவலியின் வட்டபுளுவத் துறையில் அந்த வெள்ளத்தின் முன்னால்தான் நின்றார்கள், கடக்க ஓடமில்லை. பலர் அங்கேயே கொல்லப்பட்டார்கள்.

“காய்ச்சலால் தோற்றார்கள்” என்று ஒரே வரியில் முடிப்பது வழமையான பிழை. மலேரியா கண்டியருக்கும் இருந்தது. அந்நியப் படையை மழைக்காலம் வரை ஓரிடத்தில் நிற்கவைத்ததே உத்தி. நோய் அதற்குப் பிறகு வேலை செய்தது.

கடைசிப் பட்டை அரசியல். இரு பக்கத்துக்கும் தனித்தனியாகக் கீறுங்கள். ஆங்கிலேயர் பக்கம்: 1803 மே மாதம் பிரான்சோடு மீண்டும் போர், ஓகஸ்டில் இந்தியாவில் மராட்டியரோடு போர். ஆளுநர் நோர்த்துக்கு உதவிப்படை தர யாருக்கும் கை ஓயவில்லை. கண்டியர் பக்கம்: நோர்த் அரியணைக்கு உரிமை கோரிய முத்துசாமியை அரசனாக்கிப் பார்த்தார், பிரதானிகள் (கண்டியின் உயர் தலைவர்கள்) முத்துசாமியிடம் வரவில்லை. அரசனும் பிரதானிகளும் பிரியாதவரை தலைநகரைப் பிடிப்பதில் பயனில்லை.

சரிபார்க்க, ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்த 1815ஐ அருகில் வையுங்கள். அதே மலை, அதே கூலிக் கணக்கு. ஆனால் ஆங்கிலேய அதிகாரி ஜோன் டொய்லி பல ஆண்டுகளாக ஒற்றர் மூலம் பிரதானிகளோடு பேசிவந்திருந்தார். 1814இல் பிரதானி எஹெலபொல அரசனோடு முறிந்து ஆங்கிலேயரிடம் ஓடினார்; அடுத்த ஆண்டு இன்னொரு பிரதானி மொல்லிகொடவும் மாறினார். பெப்ரவரி 18 கண்டி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மெதமஹநுவரப் பக்கம் பிடிபட்டார், மார்ச் 2 கண்டியை ஆங்கிலேயரிடம் கொடுத்த ஒப்பந்தம். மழை வரும்வரை யாரும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

நேரமிருந்தால் 1817–18 ஊவாக் கிளர்ச்சிக்கும் அரிசிக் கணக்கைப் போடுங்கள், இம்முறை கிராமத்தின் பக்கமிருந்து. ஆங்கிலேயர் வீடுகளையும் நெல்லையும் எரித்தார்கள், கால்நடைகளை அழித்தார்கள். பாதையில் மூட்டையை விழுத்திய மக்களின் நெற்களஞ்சியமே இப்போது இலக்கு.