இன்ஜின் மாற்றியதும் கியர் விழவில்லையா? கியர் பெட்டியை இறக்க அவசரப்படாதீர்கள்

என் பழைய ஆம்னிக்குப் புதுப்பேட்டையில் ஓர் இன்ஜின் பார்த்து வாங்கி, அயனாவரத்தில் ஒரு ஷெட்டில் ஏற்றினோம். பெட்ரோல் மேலே ஏறும் வரை ஸ்டார்ட்டரை வெகுநேரம் சுற்ற வேண்டியிருந்தது. ஒருவழியாகக் கிளம்பியது. ஆனால் கிளட்சை மிதித்து ரிவர்ஸ் போட்டால் 'கர்ர்' என்று சத்தம், முதல் கியர் விழவே இல்லை. "பெட்டி போயிடுச்சு சார், இறக்கிப் பிரிச்சிடலாம்" என்றார் மெக்கானிக். நானும் தலையாட்டினேன். கியர் விழும்போது பற்கள் உரசாமல் வேகத்தைச் சமன் செய்யும் சிங்க்ரோ வளையங்களை மாற்றி, திரும்ப ஏற்றினோம். அதே 'கர்ர்'.

போன வாரம் வரை நாலு கியரும் ஒழுங்காக விழுந்த பெட்டி, ஷெட்டில் சும்மா கிடந்த நேரத்தில் எப்படிக் கெடும்? கை வைத்த இடத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அப்போது சுலபமாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் மறுத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை, அதாவது இன்ஜினையும் பெட்டியையும் பிரிக்கவில்லை என்று அர்த்தம். அடுத்து, இன்ஜின் ஓடும்போது கிளட்சை மிதித்து நாலைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான பழைய வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. கிளட்ச் விட்டிருந்தால் அதற்குள் இன்ஜினின் சுழற்சியைப் பெட்டிக்குள் கொண்டுபோகும் இன்புட் ஷாஃப்ட் நின்றிருக்கும், சத்தம் வராது. இன்ஜின் அணைந்திருந்தும் கியர் இறுகினால், இன்ஜினைத் தாங்கும் மவுண்ட்டின் உயரம் மாறி கியர் ராடோ கேபிளோ கோணலாக நிற்கிறதா என்று கீழே படுத்துப் பார்க்க வேண்டும்.

"எல்லாம் ஒரே இன்ஜின்தான் சார்" என்பது புதுப்பேட்டையில் அடிக்கடி கேட்கும் வாக்கு. ஆம்னியிலும் மாருதி 800-லும் 796 சி.சி., மூன்று சிலிண்டர் இன்ஜின்தான், உண்மை. ஆனால் 800-ல் அது குறுக்கே உட்கார்ந்து முன் சக்கரத்தை இழுக்கிறது, ஆம்னியில் நீளவாக்கில் உட்கார்ந்து பின் சக்கரத்தைத் தள்ளுகிறது. ஆகவே வேறு வண்டியிலிருந்து வந்த இன்ஜின் என்றால், இன்ஜினின் சுழல்தண்டான கிராங்கின் பின்முனையில் பைலட் பேரிங் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அது இல்லாவிட்டால் இன்புட் ஷாஃப்டின் நுனிக்குப் பிடிமானம் இல்லை. இறுகிப் போயிருந்தால் கிளட்சை மிதித்தாலும் ஷாஃப்ட் கூடவே சுற்றும். கிளட்ச் பிளேட் அழுந்தும் கனச் சக்கரமான ஃப்ளைவீலில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து உயரம் அளப்பதும் இந்தச் சமயத்தில்தான். (ஆர்.சி.யில் இன்ஜின் எண்ணை மாற்றும் வேலையையும் இப்போதே தொடங்கிவிடுங்கள். எஃப்.சி.க்குப் போய் நிற்கும் நாளில் அது நினைவுக்கு வந்தால் வம்பு.)

ஏற்றும்போது நடக்கும் தவறுகள் இன்னும் மோசம். கிளட்ச் பிளேட்டைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று பெரும்பாலும் பிளேட்டிலேயே எழுதியிருக்கும். பெட்டியின் முன்பக்கக் கூடான பெல் ஹவுசிங்கை நேராக நிறுத்தும் டோவல் பின்கள் பழைய இன்ஜின் பிளாக்கிலேயே தங்கிவிடும். "போல்ட்டு இருக்கே, போதாதா?" என்றால் போதாது. மையம் ஒரு நூல் விலகினாலும் பேரிங் கத்தும், கியர் தானாக நழுவும். பெட்டி கையால் தள்ளியே கடைசி வரை போய்ச் சேர வேண்டும். இடைவெளி இருக்கும்போதே போல்ட்டை முறுக்கி இழுப்பதும், பெட்டியின் எடையை பிளேட்டின் மேல் தொங்கவிடுவதும் பிளேட்டின் நடுப்பகுதியை வளைத்துவிடும். மழைக்காலத்தில் வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் நின்றிருந்தால் பிளேட் துருவேறி ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. சென்னைக் காற்றுக்கு அது பெரிய வேலையில்லை.

சத்தத்தையும் கவனியுங்கள். நியூட்ரலில் வரும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைப் பாருங்கள். மிதிக்கும்போது மட்டும் வந்தால் கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் அல்லது பைலட் பேரிங்.

கியர் ஆயில் வாங்கும்போது கடையில் வெறுமனே '90 ஆயில்' என்று கேட்காதீர்கள். ஜி.எல்.-5 தர ஆயில் பின் அச்சிலுள்ள கிரௌன் பல்சக்கரத்துக்கு ஏற்றது. அதில் கூடுதலாக இருக்கும் கந்தகச் சேர்மங்கள் பித்தளை சிங்க்ரோவுக்கு ஆகாது. கியர் பாக்ஸுக்கு மேனுவலில் ஜி.எல்.-4 என்றிருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள்.

சரி, என் வண்டிக்கு என்னதான் ஆச்சு? பக்கத்து ஷெட் பெரியவர் ஒருவர் வந்து கிளட்ச் பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். கல்லாக இருந்தது. கேபிளைக் கழற்றினால் உறைக்குள்ளே பிளாஸ்டிக் உருகி, கம்பி ஒட்டிக்கிடந்தது. "எர்த் பட்டை எங்கே தம்பி?" என்றார். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் அந்தப் பட்டையைத் திரும்ப மாட்ட எல்லோரும் மறந்திருந்தோம். ஸ்டார்ட்டருக்கான கரண்ட் அத்தனையும் திரும்பிப் போக வழி தேடி, கிளட்ச் கேபிள் வழியாகவே ஓடியிருக்கிறது. புதுக் கேபிளும் ஒரு முழம்கூட இல்லாத பட்டையும் மாட்டியதும், ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது.