புழுக்கொடியல் கடிச்சு உடைஞ்ச கிரவுண்

வேர்ச் சிகிச்சை செய்த கடைவாய்ப்பல்லுக்கு முதல் போட்டது, உள்ளுக்கு உலோகமும் மேலுக்குப் பீங்கானும் உள்ள கிரவுண், அதாவது பல்லை மூடுற உறை. ஒருநாள் புழுக்கொடியல் (அவிச்சுக் காயவைச்ச பனங்கிழங்கு) கடிக்க, சடக்கெண்டு பீங்கான் சிம்பொண்டு கழண்டு நாக்கில கிடந்தது. உடைஞ்ச இடத்தில சாம்பல் உலோகம்.

யாழ்ப்பாணம் ரவுணில வேறொரு பல் வைத்தியரிட்டப் போனன். "தம்பி, நித்திரையில பல்லு நெருமுறனீங்களோ?" எண்டு கேட்டார். ஓமெண்டன். அப்ப முழுக்கச் சிர்கோனியா எண்ட உறுதியான வெள்ளைப் பீங்கானிலயே செய்வம், கழண்டு விழ மேற்பூச்சே இல்லை எண்டார். முன்பல்லெண்டால் வெளிச்சம் ஊடுருவுற லித்தியம் டைசிலிக்கேற் எண்ட கண்ணாடிப் பீங்கான் வடிவாயிருக்குமாம்.

ஒட்ட முதல், கடி படுற இடத்தில நிறம் பதியிற நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி, உயரமான இடத்தை அராவினார். அராவின இடத்தைத் திரும்பப் பளபளப்பாக்கச் சொல்லிக் கட்டாயம் கேளுங்கோ. சொரசொரப்பாய் விட்டால் எதிர்ப்பல்லுத் தேயும். இரவில பல்லுக்கு மேல மாட்டுற காப்புத்தட்டும் போடுறன். மூண்டு வருசமாச்சு, ஒடியலும் கடிக்கிறன்.