கடற்கரை ஊரில் பாவித்த அலுமினிய ரிம்மைப் புதுப்பித்தல்

திருகோணமலையில் ஓடும் கெப்புகளின் (பிக்அப் வண்டிகளின்) அலோய் ரிம்களை உற்றுப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே நோய்தான். நிறத்துக்கு மேலே அடிக்கும் நிறமற்ற கிளியர் பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்தது போன்ற வெள்ளைக் கோடுகள், நட் துவாரத்தைச் சுற்றி வெள்ளை மா, விளிம்பில் கறுப்புப் புள்ளிகள். எல்லாம் உப்பின் வேலை. கல் பட்டோ வீதிக்கரைக் கட்டில் உரசியோ கிளியரில் ஒரு கீறல் விழுந்தால் போதும். உப்பீரம் அதற்குள் புகுந்து, பூச்சின் அடியாலேயே அலுமினியத்தைத் தின்றுகொண்டு போகும். அதனால் இந்த ஊரில் ரிம் புதுப்பிப்பது என்றால் முக்கால்வாசி வேலை உப்பை வெளியேற்றுவது. பெயின்ட் அடிப்பது மிச்சக் கால்வாசிதான். உப்பு உள்ளே கிடக்க, மேலே எவ்வளவு விலைகூடிய கிளியரை அடித்தாலும் அடுத்த மாரிக்குள் கொப்புளம் போடும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பாவித்த ரிம் வாங்கும்போது பளபளப்பைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் அளவு. ஹைலக்ஸ், எல் 200 கெப்புகள் இரண்டுக்கும் பெரும்பாலும் 6 நட், நட் துவாரங்கள் அமையும் வட்டம் 139.7 மில்லிமீற்றர். ஆனால் ஹைலக்ஸின் நடுத்துவாரம் ஏறக்குறைய 106 மில்லிமீற்றர், எல் 200க்கு 67. எனவே எல் 200 ரிம் ஹைலக்ஸின் ஹப்பில் ஏறவே ஏறாது. நவாரா கெப்புகள் பலவற்றுக்கு வட்டமே வேறு, 114.3. ஜப்பானில் இருந்து வந்த ரிம் என்றால் பின்பக்கத்தில் வார்த்திருக்கும் முத்திரையைத் தேடுங்கள். ஜே.டபிள்யூ.எல். என்பது கார் ரிம்முக்கானது. பாரவாகன ரிம்மில் அதன் பின்னால் ‘டி’ எழுத்து சேர்ந்திருக்கும். மீன் பெட்டியும் சீமெந்தும் ஏற்றும் கெப்புக்கு அந்த ‘டி’ உள்ளதைத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது வெடிப்பு. டயரைக் கழற்றிய பிறகு ஆரங்களின் அடிப்பகுதி, நட் துவாரங்களுக்கு இடைப்பட்ட பகுதி, உட்பக்க விளிம்பு மூன்றையும் நன்றாகக் கழுவிக் காயவைத்து மண்ணெண்ணெய் பூசுங்கள். இருபது நிமிடம் விட்டுத் துடைத்துவிட்டு, வெள்ளைச் சோக்கைப் பொடியாக்கித் தூவுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் ஊறி வந்து சோக்கில் ஈரக்கோடாகத் தெரியும். அப்படித் தெரிந்த ரிம்மை விட்டுவிடுங்கள். வெல்ட் பிடித்துத் தரலாம் என்று சொல்வார்கள், கேட்க வேண்டாம். வார்ப்பு ரிம்கள் பெரும்பாலும் சூட்டுப் பதனிடலால் பலம் பெற்றவை. வெல்டும் கேஸ் தீயும் பட்ட இடம் மென்மையாகிவிடும். நெளிந்த ரிம்மைத் தீக்காட்டித் தட்டி நிமிர்த்துவதும் இதே காரணத்தால் ஆபத்து. நெளிவைச் சோதிக்க, ரிம்மை வண்டியில் பூட்டி, ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு கம்பி முனையை விளிம்புக்குப் பக்கத்தில் அசையாமல் வைத்துச் சுற்றுங்கள். இடைவெளி ஒரு மில்லிமீற்றருக்கு மேல் கூடிக்குறைந்தால் அந்த ரிம்மில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

பிறகு மேற்பரப்பு என்ன வகை என்று அறிய வேண்டும். வெள்ளைத் துணியில் கொஞ்சம் மெட்டல் பொலிஷ் எடுத்துத் தேயுங்கள். துணி கறுத்தால் வெறும் அலுமினியம். ரிம்மின் நிறம் துணியில் வந்தால் கிளியர் இல்லாத பெயின்ட். எதுவுமே வராவிட்டால் மேலே கிளியர் இருக்கிறது. கண்ணாடி போல முகம் தெரிவது குரோம் முலாம் என்றால் அதை வீட்டில் தொட வேண்டாம். உரிந்த குரோமின் ஓரம் பிளேட் போல வெட்டும், அதை முழுதாக எடுக்க இரசாயனத் தொட்டி வேண்டும்.

பழைய பூச்சை எடுத்தல்

டயரைப் பங்சர் கடையில் கழற்றுவிப்பதே சரி. டயரோடு வைத்து அடித்தால் விளிம்பின் உட்பக்க உப்பு அப்படியே இருக்கும், இங்கே நோய் தொடங்குவதும் அங்கேதான்.

பூச்சு எடுக்கப் பெயின்ட் ரிமூவர் வாங்கும்போது அலுமினியத்துக்கு ஏற்றது என்று டின்னில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தடிப்பாகப் பூசி, பொலிதீனால் மூடி, அரை மணி நேரம் விட்டால் கிளியர் சுருங்கி எழும்பும். பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து மறுபடி ஒரு தடவை. றப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், திறந்த வெளியும் கட்டாயம். காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் பெயின்ட்டோடு அலுமினியமும் கரையும், தீப்பற்றக்கூடிய ஐதரசன் வாயுவும் வெளிவரும். கழிவறை கழுவும் அசிட்டும் அப்படியே: பார்க்க வெளுத்து அழகாக வரும், ஆனால் அது விட்டுப்போகும் குளோரைட் கடலுப்பு செய்யும் அதே வேலையைச் செய்யும்.

இரும்புக் கம்பி பிரஷ், ஸ்டீல் வூல், இரும்பு வெட்டிய கிரைண்டர் டிஸ்க் எதையும் ரிம்மில் வைக்காதீர்கள். நுண்ணிய இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து கறள் பிடித்து, அதைச் சுற்றி அரிப்பு தொடங்கும். நைலோன் பிரஷ், பச்சை ஸ்கொச் பிரைட், வாட்டர் பேப்பர், இவை போதும்.

புழுக்கோடு உள்ள இடத்தில் கோடு முடியும் இடத்தோடு நிறுத்தக் கூடாது. கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் பகுதியிலும் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தாண்டி 120 இலக்க வாட்டர் பேப்பரால் வெறும் உலோகம் வரத் தேயுங்கள். கறுப்புப் புள்ளி என்பது குழி. அடியில் வெண்மையான உலோகம் தெரியும்வரை 80ஆல் குடைந்து எடுக்க வேண்டும். கறுப்பு மிஞ்சினால் அதற்குள் உப்பு மிஞ்சியிருக்கிறது.

வீதிக்கரை உரசிய விளிம்பை முதலில் மட்ட அரத்தால் முள்ளெடுத்து, பிறகு 80, 120, 180 என்று போங்கள். மரக்கட்டையில் பேப்பரைச் சுற்றித் தேய்த்தால்தான் விளிம்பு நேராக வரும், விரலால் தேய்த்தால் அலை விழும். முகப்பில் உள்ள 2 மில்லிமீற்றருக்கு உட்பட்ட பள்ளத்துக்கு எபொக்சி புட்டி வைக்கலாம். டயர் உட்காரும் விளிம்பில் புட்டி வேண்டாம், டயர் ஏற்றும்போதே உடைந்து விழும்.

உப்பைக் கழுவுதல்

இதைத்தான் பலர் அவசரமாக முடிக்கிறார்கள். நிலாவெளி, சல்லி, உப்புவெளிப் பக்கம் கடலுக்கு அண்டிய கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். அந்தத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் நீங்களே உப்புப் பூசியதாகிவிடும். குழாய்த் தண்ணீர் அல்லது பிடித்துவைத்த மழைத் தண்ணீர் எடுங்கள். ரிம் ஒன்றுக்குக் கை பொறுக்கும் சூட்டில் ஒரு வாளி, அதில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மேசைக்கரண்டி. நைலோன் பிரஷால் ஐந்து நிமிடம் தேயுங்கள். குழிகளிலும் நட் துவாரங்களிலும் பழைய பல் பிரஷ். சூடான தண்ணீர் குழிக்குள் உறைந்த உப்பை விரைவாகக் கரைக்கும். பிறகு சுத்தத் தண்ணீரால் இரண்டு தடவை அலசி, கடைசி அலசலுக்கு பெற்றரிக்கு ஊற்றும் வடிநீர் அரை லீற்றரைப் போத்தலில் இருந்து மேலிருந்து வழியவிடுங்கள்.

கழுவிய ரிம்மை இரவு முழுவதும் தாழ்வாரத்தில் வையுங்கள். கடற்கரை இரவின் ஈரம் நல்ல சோதனைக்காரன். காலையில் எங்காவது வெள்ளைப் பூப்புத் தெரிந்தால் அந்தக் குழிக்குள் உப்பு இன்னும் இருக்கிறது, திரும்பத் தேய்த்துக் கழுவ வேண்டும். பூக்காமல் இருந்தால் மட்டுமே அடுத்த படி.

எந்த நாளில் அடிப்பது

மாசி முதல் சித்திரை வரை உள்ள காலைகள் நல்லவை, காற்று அடங்கியிருக்கும். கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் மாதங்களில் மத்தியானம் அடித்தால், பெயின்ட் துளி ரிம்மில் படுமுன்னே காய்ந்து மணல் போலச் சொரசொரப்பாக இறங்கும், புழுதியும் ஒட்டும். அந்தக் காலத்தில் காலை ஏழுக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடித்துவிட வேண்டும். மாரி மழையில் வேலையே வேண்டாம். ஈரப்பதன் 85 வீதத்தைத் தாண்டினால் கிளியர் பால் போல வெளுத்துவிடும். வெயிலில் கிடந்து சுட்ட ரிம்மிலும் அடிக்கக் கூடாது. கையை வைத்துப் பார்த்தால் சூடு தெரியாமல் இருக்க வேண்டும்.

பெயின்ட்

16 அங்குல ரிம் நான்குக்கு 400 மில்லிலீற்றர் ஸ்ப்ரே டின் கணக்கில் உலோகத்தைக் கடித்துப் பிடிக்கும் எட்சிங் பிரைமர் 2, சாதாரண பிரைமர் 2, நிறம் 3, கிளியர் 3 தேவைப்படும். எல்லாம் ஒரே கொம்பனியின் ஒரே வகையாக இருந்தால் ஒன்று மற்றதைச் சுருக்காது.

அடிக்கும் அன்று காலை முழு ரிம்மையும் 320ஆல் ஒரு தடவை உரசி, பஞ்சுத் துணியில் பிரைமருக்குரிய தின்னரை நனைத்துத் துடையுங்கள். ஒரு துணியால் ஈரமாகத் துடைத்து, ஈரம் காயுமுன் இன்னொன்றால் உலர்த்த வேண்டும். இதன் பிறகு வெறும் கையால் தொடக் கூடாது. சில மணி நேரத்துக்குள் பிரைமர் ஏற வேண்டும், தாமதித்தால் புதிய ஒக்சைட் படலம் கட்டிவிடும்.

மூன்று இடத்தை மாஸ்க்கிங் டேப்பால் மூடுங்கள்: நட் உட்காரும் சாய்வு, ஹப்பில் ஒட்டும் பின்பக்கத் தட்டை, நடுத்துவாரத்தின் உள்வளையம். இந்த இடங்களில் தடித்த பெயின்ட் இருந்தால் ஓட்டத்தில் அது நசுங்கித் தேய்ந்து நட் தளரும். சில்லு கழன்று ஓடுவதற்கு இது போதுமான காரணம். நட் துவாரத்தை அடைக்க ரெஜிபோம் துண்டு செருக வேண்டாம், பெயின்ட்டில் உள்ள தின்னர் அதை உருக்கிவிடும். காகிதத்தைச் சுருட்டி டேப் சுற்றிச் செருகுங்கள். டயர் உட்காரும் பகுதிக்கு எட்சிங் பிரைமர் ஒரு மெல்லிய பூச்சு, நிறம் ஒரு மெல்லிய பூச்சு, அவ்வளவுதான்.

வெறும் அலுமினியத்தில் சாதாரண பிரைமர் பிடிக்காது, தோலாக உரியும். அதனால் முதலில் எட்சிங் பிரைமர், உலோகம் இலேசாகத் தெரியும் அளவுக்கு இரண்டு மெல்லிய பூச்சு. புட்டி வைத்த இடத்தில் இதை நேராக அடிக்க வேண்டாம், அதில் உள்ள அசிட்டால் புட்டி கெடலாம். அங்கே சாதாரண பிரைமர் போதும். டின்னில் உள்ள நேரத்தைப் பின்பற்றி, மேலே சாதாரண பிரைமர் இரண்டு பூச்சு. மறுநாள் 600 வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, மேலே சொன்ன நல்ல தண்ணீராலேயே கழுவிக் காயவையுங்கள்.

அடுத்தது நிறம். ரிம்மைக் கவிழ்த்த பெயின்ட் வாளியின் மேல் வைத்தால் கையால் சுற்றலாம். 20 முதல் 25 சென்ரிமீற்றர் தூரத்தில் இருந்து முதலில் ஆரங்களின் பக்கச் சுவர்கள், துவாரங்களின் உட்புறம், கடைசியாக முகம். முகத்தை முதலில் அடித்தால் பக்கங்களை அடிக்கும்போது அதில் பூச்சு அளவு மீறி வழியும். முதல் பூச்சு மூடாமல் தூறலாக இருக்கட்டும், அடுத்த இரண்டும் மூடட்டும். வெள்ளி மெட்டாலிக் என்றால் கடைசிப் பூச்சைக் கொஞ்சம் தள்ளி நின்று இலேசாகத் தூவுங்கள், துகள் ஒரே சீராகப் படுக்கும். ஈரமாக அடித்தால் திட்டுத்திட்டாகத் தெரியும்.

சிறு வட்டக் குழிகளாகப் பெயின்ட் விலகி நின்றால் அங்கே சிலிக்கன் இருக்கிறது. டயர் மினுக்கும் திரவமும் டாஷ்போர்ட் ஸ்ப்ரேயும்தான் வழக்கமான குற்றவாளிகள். மேலே மேலே அடித்தால் மறையாது. காயவிட்டு, தேய்த்து, தின்னரால் துடைத்துத் திரும்பத் தொடங்க வேண்டும்.

கிளியரில் இரண்டு வகை உண்டு. பூச்சை இறுகவைக்கும் ஹார்ட்னர் கலக்கும் டூ-கே வகை பெற்றோலுக்கும் பிரேக் எண்ணெய்க்கும் கரையாது, உப்புக்கும் நன்றாக நிற்கும். ஆனால் அந்த ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் என்ற இரசாயனம் நுரையீரலைக் கெடுக்கும், சாதாரணத் தூசி மாஸ்க் அதைத் தடுக்காது. வீட்டில் பிள்ளைகள் இருக்கும் வளவில் இதை அடிக்கவே வேண்டாம். நிறம்வரை வீட்டில் முடித்து, கிளியரை மட்டும் ஸ்ப்ரே வேலை செய்யும் இடத்தில் அடிப்பித்தால் செலவும் குறைவு, உழைப்பும் வீணாகாது. சாதாரண கிளியர்தான் என்றால் மூன்று பூச்சு அடியுங்கள்.

மினுக்கி வெறும் அலுமினியமாகவே விடலாமா என்றும் கேட்பார்கள். 400, 600, 800, 1000, 1500, 2000 என்று ஏறி மெட்டல் பொலிஷ் போட்டால் அழகாகத்தான் வரும். ஆனால் இந்தக் கடற்காற்றில் சில வாரங்களிலேயே மங்கிவிடும். தினமும் ஓடும் கெப்புக்குப் பெயின்ட்தான் பொருத்தம்.

பூட்டுதல்

கிளியர் அடித்து ஒரு வாரம் கழித்தே டயர் ஏற்றுங்கள். அதற்குமுன் மெஷின் பிடி பட்டால் பூச்சு அழுந்தும். புது வால்வு போடுவியுங்கள். பலன்ஸுக்கு விளிம்பில் கவ்வும் இரும்பு எடையை மறுத்து, உட்புறம் ஒட்டும் எடையைக் கேளுங்கள். கவ்வும் எடை புதுப் பூச்சைக் கடிக்கும் இடத்தில்தான் அடுத்த அரிப்பு தொடங்கும். ஹப்பின் கறளைச் சுரண்டி, நடு வளையத்தில் மட்டும் விரல்நுனி அளவு கிறீஸ் தடவுங்கள். நட் போல்ட்டில் கிறீஸ் படக் கூடாது. நட்டையும் கவனியுங்கள்: டொயோட்டாவின் அசல் அலோய் ரிம்மில் பல வாஷரோடு வரும் தட்டை நட்டுக்குச் செய்தவை, சந்தை ரிம்கள் பெரும்பாலும் கூம்பு நட்டுக்கு. மாறிப் பூட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் பிடிப்பு இருக்காது. நட்சத்திர வரிசையில், வாகனக் கைநூலில் உள்ள அளவுக்கு, இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்சால் இறுக்கி, 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின் மறுபடி சோதியுங்கள்.

மீன் ஏற்றும் வண்டியில் ஐஸ் பெட்டித் தண்ணீர் பின் சில்லில் சொட்டாதபடி ஒரு குழாய் வைத்து நடுவால் இறக்கிவிடுங்கள். கடற்கரை மணலில் இறங்கி வந்த அன்றே நல்ல தண்ணீரால் ரிம்மின் உட்புறத்தையும் அடித்துக் கழுவுங்கள். கல் பட்டுச் சிறு கீறல் கண்டால் அந்த வாரத்துக்குள் துடைத்து உலர்த்தி, மிஞ்சிய கிளியரை மூடியில் கொஞ்சம் அடித்தெடுத்து மெல்லிய பிரஷால் தொட்டு அடையுங்கள்.