பிளஸ் டூ மார்க் குறைந்த வீட்டில் அடுத்த முப்பது நாள்

இருபத்திரண்டு வருஷமாக அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். ஒவ்வொரு மே மாதமும் ரிசல்ட் வருகிற அன்று ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று அழுகிற பெற்றோர்களிடம் பேசியிருக்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் அதே காலையில் என் மகளுடைய மார்க் போனில் வந்து விழுந்தது. கணக்கு 81, இயற்பியல் 72, வேதியியல் 78. "கெமிஸ்ட்ரியிலயுமா?" என்றுதான் என் வாயில் முதலில் வந்தது. அவள் போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த ஒரு வார்த்தையைச் சரிக்கட்ட எனக்குப் பத்து நாள் ஆனது. வேறு அம்மா அப்பாக்களுக்கு அந்தப் பத்து நாள் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் மூன்று நாள்

கல்லூரிப் பேச்சையே எடுக்காதீர்கள். "அடுத்து என்ன பண்ணப் போற?" என்று கேட்டால் அந்த நேரத்தில் பிள்ளைக்குப் பதில் தெரியாது. தெரியவில்லையே என்பது இன்னொரு தோல்வியாகத்தான் அதற்குப் படும். "பரவாயில்ல, விடு" என்பதையும் சீக்கிரம் சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்கு அது பெரிய விஷயம். நாம் அதைச் சின்னதாக்கினால், இவர்களுக்குப் புரியவில்லை என்று பேச்சை நிறுத்திவிடுவார்கள். "கஷ்டமா இருக்குன்னு தெரியுதும்மா. நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். நான் மூன்றாம் நாள்தான் உட்கார்ந்தேன். "அன்னைக்கு நான் அப்படிக் கேட்டது தப்பு" என்றும் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை. ஆனால் அன்று ராத்திரி அறைக்கதவைச் சாத்தவில்லை.

சொந்தக்காரர்களின் போனைப் பெரியவர்கள் எடுங்கள். என்ன சொல்வது என்பதைப் பிள்ளையிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் அவள் எழுதிக் கொடுத்த வாக்கியம் இது: "பாஸ் ஆயிட்டா. எங்க சேர்றான்னு முடிவு பண்ணிட்டுச் சொல்றோம்." என் மாமியார் முதல் என் தம்பி வரை எல்லோருக்கும் அதையே சொன்னோம். மார்க்கைக் கேட்டவர்களுக்கும் அதேதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், சாப்பாடு தூக்கம் இரண்டும் அடியோடு போனால், அதைக் கோபம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். தனியாக விடாதீர்கள். சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தமிழக அரசின் 104, மத்திய அரசின் டெலி மனஸ் 14416, இரண்டிலும் இலவசமாகப் பேசலாம். நீங்களே முதலில் பேசிவிட்டுப் பிள்ளையிடம் போனைக் கொடுத்தாலும் சரி.

இந்த மூன்று நாளில் நீங்கள் சத்தமில்லாமல் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: கடைசித் தேதி உள்ள எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைப்பது. விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கச் சில நாள்தான் தருவார்கள். பொறியியல் கலந்தாய்வுப் பதிவுக்கு ஒரு தேதி, அரசு கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பத்துக்கு ஒரு தேதி. இன்ஜினியரிங் கிடைக்கும் என்று காத்திருந்துவிட்டு, அது சரிப்படாமல் கலைக் கல்லூரிக்கு ஓடும்போது அங்கே விண்ணப்பம் முடிந்திருக்கும். வருஷா வருஷம் இப்படி வந்து நிற்கிறவர்களைப் பார்க்கிறேன். விண்ணப்பம் போடுவதாலேயே சேர்ந்தாக வேண்டும் என்பதில்லை. எல்லாவற்றிலும் போட்டு வையுங்கள்.

ஏதாவது பாடத்தில் தேர்ச்சி பெறவில்லை என்றால் முதல் வேலை துணைத்தேர்வுக்குப் பதிவு செய்வதுதான். அதில் பாஸ் செய்தால் அதே வருஷமே கல்லூரியில் சேரலாம். பொறியியலுக்குத் துணைக் கலந்தாய்வும் தனியாக நடக்கிறது. "ஒரு வருஷம் போச்சு" என்று யாராவது வீட்டில் வந்து சொன்னால், போகவில்லை என்று பிள்ளையின் காது கேட்கச் சொல்லுங்கள்.

விடைத்தாளை வாங்கிப் பாருங்கள்

மறுமதிப்பீடு கேட்பதற்கு விடைத்தாள் நகல் முதலில் கையில் இருக்க வேண்டும். மார்க் கூடுமோ கூடாதோ, நகலை வாங்குங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். காரணம் வேறு.

என் மகளின் வேதியியல் விடைத்தாளை நாங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பார்த்தோம். எழுத்துத் தேர்வு 70 மார்க்குக்கு. ஐந்து மார்க் கேள்வி ஒன்றுக்கு முழுசாக இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு கையெழுத்து சாய ஆரம்பிக்கிறது. மூன்று மார்க் பகுதியில் ஆறு எழுத வேண்டிய இடத்தில் நான்குதான். கடைசிப் பக்கத்தில் 'கானிசரோ வினை' என்று தலைப்பு, அடியில் ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. நான் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "தெரியும்மா" என்றாள். "ஆல்ஃபா ஹைட்ரஜன் இல்லாத ஆல்டிஹைடை அடர் காரத்தோட சேர்த்தா, பாதி ஆல்கஹாலாவும் பாதி அமிலத்தோட உப்பாவும் மாறும். பெல் அடிச்சிட்டாங்க."

அதுவரை அவள் "எனக்கு மண்டையில ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். தாளைப் பார்த்த பிறகு "எனக்கு நேரம் பார்க்கத் தெரியல" என்று ஆனது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். திட்டத்தை மாற்றுவதற்கு முன்னால் எது கைவிட்டது என்று தெரிய வேண்டும். பாடம் புரியவில்லையா, புரிந்தும் நேரம் போதவில்லையா, உடம்பு முடியவில்லையா, அல்லது அந்தப் பாடமே பிடிக்கவில்லையா? கடைசிக் காரணம் என்றால், பதினொன்றாம் வகுப்பில் அந்த குரூப்பை எடுக்க வைத்தது யார் என்பதையும் வீட்டில் மனம் விட்டுப் பேச வேண்டியிருக்கும்.

600ஐ மறந்துவிட்டு 200ஐப் பாருங்கள்

மொத்த மார்க்கை வைத்து அழுகிறவர்கள்தான் அதிகம். பொறியியல் தரவரிசைக்கு அந்த 600 பயன்படுவதே இல்லை. கணக்கு நூறுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதாகச் சுருக்கி, ஆக 200. என் மகளுக்கு 81, 36, 39. கட் ஆஃப் 156. கணக்கில் ஒரு மார்க் போனால் கட் ஆஃபில் ஒன்று போகும், வேதியியலில் ஒன்று போனால் அரைதான். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டும்போது எந்தப் பாடத்துக்கு முதலில் என்று இதை வைத்தே முடிவு செய்யலாம்.

பிறகு, கலந்தாய்வு இணையதளத்தில் முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த கட் ஆஃபில் முடிந்தது என்று சாதிப் பிரிவு வாரியாகப் போட்டிருப்பார்கள். அதைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். "156க்கு எங்கயும் கிடைக்காது" என்று அவளும் நானும் நம்பிக்கொண்டிருந்தோம். அந்தப் பட்டியலைப் பார்த்ததும் அது பொய் என்று தெரிந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு தனி. அதில் சேர்கிறவர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கிறது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள்.

அந்தப் படிப்பில் உனக்கு என்ன பிடிக்கும்?

ஒரு வாரம் பத்து நாள் கழித்துக் கேட்க வேண்டிய கேள்வி இது. என் மகளுக்கு இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன் இன்ஜினியரிங்) வேண்டும், அதுவும் ஒரே ஒரு கல்லூரியில் வேண்டும். ஏன் என்று நான் அதற்கு முன் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டபோது கல்லூரியைப் பற்றி இரண்டு வரி சொன்னாள், அவ்வளவுதான்: தோழி அங்கே சேர்கிறாள், பேர் பெரிய பேர். படிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தவள் அரை மணி நேரம் பேசினாள். அவள் தாத்தாவின் பழைய ரேடியோவைப் பிரித்து, தானே சால்டரிங் வைத்து, ஒரு கெப்பாசிட்டரை மாற்றி அதைப் பாட வைத்த கதை. எனக்கு அப்போதுதான் விளங்கியது: அவளுக்கு வேண்டியது சர்க்யூட். அது அந்த ஒரு வாசலுக்குள் மட்டும் இல்லை.

இப்படி ஆசையைப் பிரித்துப் பார்த்தால் வழிகள் கண்ணில் படும். டாக்டராக நினைத்து நீட்டில் மார்க் குறைந்த பிள்ளைக்கு நோயாளியோடு இருப்பது பிடிக்கும் என்றால் பி.எஸ்சி நர்சிங், பிசியோதெரபி. மருந்துதான் பிடிக்கும் என்றால் பி.ஃபார்ம். நர்சிங்குக்கும் பி.ஃபார்முக்கும் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்தான். உயிரினங்கள்மேல் ஆசை என்றால் கால்நடை மருத்துவமும் வேளாண்மையும் மாநிலப் பல்கலைக்கழகங்களில் பிளஸ் டூ மார்க்கை வைத்தே நடக்கின்றன. அங்கே போட்டி கடுமை, அதையும் சொல்லிவிட வேண்டும். வாதாடப் பிடிக்கும் என்றால் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்பு இருக்கிறது. கையால் செய்து பார்க்கிற பிள்ளை என்றால் பாலிடெக்னிக்கைக் குறைத்துப் பேசாதீர்கள். பிளஸ் டூ அறிவியல் பிரிவு முடித்தவர்கள் டிப்ளமாவில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமா முடித்தபின் பி.இ.யிலும் நேராக இரண்டாம் ஆண்டு. கணினியில் நாட்டமிருந்தால் சென்னை ஐஐடியின் இணையவழி பி.எஸ் படிப்புக்கு ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ எழுத வேண்டியதில்லை. நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேற வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022லேயே யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதித்துவிட்டதால் வேறு கல்லூரியில் சேர்ந்துகொண்டும் படிக்கலாம். பி.எஸ்சி முடித்து ஜாம் என்கிற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி சேர்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது பல பெற்றோருக்குத் தெரியவே தெரியாது.

இதையெல்லாம் ஒரே மூச்சில் பிள்ளையிடம் கொட்டாதீர்கள். நான் கொட்டினேன். "எனக்கு இப்போ பாடம் நடத்தாதம்மா" என்றாள். இரண்டு மூன்றை மட்டும் எடுங்கள், அதையும் அவர்களே தேடிப் பார்க்க விடுங்கள்.

நேரில் போய்ப் பாருங்கள்

அவள் கட் ஆஃபுக்கு இசிஇ கிடைக்கக்கூடிய ஒரு தனியார் கல்லூரிக்கும், பி.எஸ்சி இயற்பியல் உள்ள ஓர் அரசுக் கல்லூரிக்கும் போனோம். முதல் இடத்தில் கட்டடம் பளபளவென்று இருந்தது. ஆய்வகத்தில் வரிசையாக ஆசிலோஸ்கோப் (மின் அலைகளைத் திரையில் காட்டுகிற கருவி), எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள். ஒன்றில் வாங்கும்போது கட்டியிருந்த அட்டைகூட அவிழ்க்கப்படவில்லை. இரண்டாவது இடத்தில் சுவரில் காரை பெயர்ந்திருந்தது. ஆசிலோஸ்கோப் குமிழிகளைச் சுற்றியிருந்த எண்கள், வருஷக்கணக்காகப் பிள்ளைகள் திருகித் திருகித் தேய்ந்துபோயிருந்தன. என் மகள் அந்தக் குமிழியைத் தொட்டுப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளே சொன்னாள், "அங்க யாரோ தினமும் வேலை செய்யறாங்கம்மா."

வேறு பிள்ளைக்கு அந்தத் தனியார் கல்லூரியே சரியாக இருந்திருக்கலாம். போய்ப் பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது என்பதுதான் என் பேச்சு. கேட்டில் நிற்கிற மாணவர்களிடம் கேளுங்கள்: பாடம் எடுக்கிற ஆசிரியர்கள் வருஷம் முழுக்க இருக்கிறார்களா, பாதியில் மாறுகிறார்களா? லேப் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உண்மையிலேயே நடக்கிறது? சேர்க்கை அலுவலகத்தில் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும்.

ரிசல்ட் வந்த வாரத்திலேயே "மேனேஜ்மென்ட் சீட் கடைசி ரெண்டுதான் இருக்கு, இன்னைக்கே அட்வான்ஸ்" என்று போன் வரும். பயத்தில் இருக்கும்போது பணம் கட்டாதீர்கள். கலந்தாய்வு முடியும் வரை பொறுங்கள். அங்கீகாரத்தை ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு), அண்ணா பல்கலைக்கழகத் தளங்களில் நீங்களே சரிபாருங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யூஜிசி விதி; எங்கே கொடுத்தாலும் சரிபார்த்தபின் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுபடி நீட் எழுதுகிறேன் என்றால்

மறுக்க வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். விடைகளை எடுத்து வைத்துக் கேளுங்கள்: போன தடவை எங்கே போனது, இந்தத் தடவை எது மாறும்? தவறான விடைக்கு ஒரு மார்க் குறைகிற தேர்வு அது. தெரியாததை ஊகித்து எழுதியே நாற்பது ஐம்பது மார்க் இழந்த பிள்ளைகள் என் வகுப்பிலேயே உண்டு. அப்படிப்பட்ட பிள்ளைக்கு இன்னொரு வருஷம் பலன் தரலாம். "டாக்டர் ஆகலன்னா அப்பா முகத்துல முழிக்க முடியாது" என்பதுதான் காரணம் என்றால் முதலில் அந்த அப்பா பேச வேண்டும். எழுதுவதாக முடிவானால் ஒரு தடவைதான், இன்ன தேதிக்குப் பிறகு அடுத்த வழி என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், நீங்களும் சேர்ந்து.

முடிவு அவர்கள் கையால்

கலந்தாய்வில் விருப்பப் பட்டியலைப் பிள்ளையே பதிவு செய்யட்டும். நிஜமாகச் சேர விரும்புகிற வரிசையில் போட வேண்டும்; சேரவே மனமில்லாத கல்லூரியை ஒப்புக்குக்கூடச் சேர்க்கக்கூடாது, அது கிடைத்துவிடும். என் மகள் பதினொரு கல்லூரி போட்டாள், ஒன்பதாவது கிடைத்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு அதை வேண்டாம் என்று சொல்லி, அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி இயற்பியல் சேர்ந்தாள். எனக்கு அன்று மனசுக்குள் பயம்தான். வெளியே காட்டவில்லை.

சேர்ந்த ஒரு மாதம் கழித்து ஒருமுறை கேளுங்கள், எப்படி இருக்கிறது என்று. அதற்கு முன் கேட்டால் வீட்டு ஞாபகம்தான் பதிலாக வரும். நான் கேட்டபோது அவள் சொன்னது: "மெக்கானிக்ஸ் கஷ்டம். ஹாஸ்டல்ல தண்ணி வரல. வியாழக்கிழமை லேப், அன்னைக்கு மட்டும் சீக்கிரம் எந்திரிச்சுடறேன்."