மறுசுழற்சித் தொட்டி வைத்தால் மட்டும் போதாது: வீட்டுக் குப்பையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக் குப்பையைக் குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, தனியாக ஒரு தொட்டி வைத்து அதில் பிளாஸ்டிக், காகிதம், கண்ணாடி ஆகியவற்றைப் போடத் தொடங்குவது. நல்ல எண்ணம்தான். ஆனால் குறைத்தல், மறுபடி பயன்படுத்தல், மறுசுழற்சி என்ற மூன்றில் கடைசியாக வருவதை முதலில் பிடித்துக்கொள்கிறோம். அந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. ஒரு பொருளை வாங்காமலே விட்டால் அதற்கான மூலப்பொருள், மின்சாரம், தண்ணீர், போக்குவரத்து எல்லாமே மிச்சம். இருப்பதையே மறுபடி பயன்படுத்தினால் அதில் பெரும்பகுதி மிச்சம். மறுசுழற்சியிலோ மூலப்பொருளில் ஒரு பங்குதான் திரும்பக் கிடைக்கிறது. அதற்கும் வண்டி ஓட வேண்டும், கழுவ வேண்டும், உருக்க வேண்டும்.

பிளாஸ்டிக் விஷயத்தில் இந்தப் பங்கு மிகவும் சிறியது. 2015 வரை உலகம் முழுவதும் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது ஏறக்குறைய 9 சதவீதம்தான் என்று 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. சுமார் 12 சதவீதம் எரிக்கப்பட்டது. மீதி எல்லாம் குப்பை மேடுகளிலும் மண்ணிலும் நீரிலும் கிடக்கிறது. 'அதான் மறுசுழற்சிக்குப் போடுகிறோமே' என்ற நிம்மதியில் கூடுதலாக வாங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன்.

அதற்கு அடுத்த தவறு அக்கறை உள்ளவர்கள்தான் அதிகம் செய்வது. கையில் உள்ள பொருள் மறுசுழற்சி ஆகுமா ஆகாதா என்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும், அங்கே பார்த்துப் பிரித்துக்கொள்வார்கள் என்று தொட்டியில் போட்டுவிடுவது. அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கை தயங்கும். குப்பை பிரிக்கும் நிலையத்தில் எல்லாம் ஓடும் பட்டையில் வேகமாக நகர்ந்து போகும். இரு பக்கமும் நிற்கும் தொழிலாளர்கள் ஒவ்வொன்றையும் பார்த்து முடிவெடுக்கக் கிடைப்பது ஓரிரு நொடிதான். மெல்லிய பிளாஸ்டிக் பைகள் சுழலும் உருளைகளில் சுற்றிக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்தி, உள்ளே இறங்கி, கத்தியால் அறுத்து எடுக்க வேண்டியிருக்கும். ஆபத்தான வேலை அது. மறுசுழற்சிப் பொருட்களை நாம் பொறுப்பாக ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு அனுப்புவதும் இதே சிக்கலைத்தான் கொடுக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததால் பல இடங்களில் பையைப் பிரிக்காமலே கழித்துவிடுகிறார்கள். உடைந்த கண்ணாடியைச் சும்மா போடுவது அதைவிட மோசம். தடிமனான காகிதத்தில் சுற்றி, மேலே எழுதித் தனியாகக் கொடுங்கள். யாரோ ஒருவருடைய கை அதைத் தொடப்போகிறது.

சரி, பொருளின் அடியில் உள்ள முக்கோணக் குறியைப் பார்த்தால் தெரியாதா? தெரியாது. அந்த முக்கோணத்துக்குள் உள்ள 1 முதல் 7 வரையிலான எண்களை 1988-ல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறை அமைப்பு கொண்டுவந்தது. அது எந்த வகை பிளாஸ்டிக் என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்கிறது. மறுசுழற்சி ஆகும் என்று உறுதி தரவில்லை. சுற்றி ஓடும் அம்புகள் மக்களைக் குழப்புகின்றன என்பதால் 2013-ல் அந்தத் தரவரையறையில் அம்புகளுக்குப் பதில் வெறும் முக்கோணம் வந்தது. ஆனாலும் பழைய குறி இன்றும் பல பொருட்களில் இருக்கிறது. பொதுவாக 1 என்ற எண் உள்ள தண்ணீர் பாட்டில் வகையையும், 2 உள்ள ஷாம்பு, சோப்புத் திரவ டப்பா வகையையும் பல இடங்களில் வாங்கிக்கொள்கிறார்கள். 5 சில இடங்களில் எடுபடும். 3, 6, 7 எண்களுக்கு வாய்ப்பு குறைவு. கறுப்பு பிளாஸ்டிக்கில் இன்னொரு தொல்லை உண்டு. அதற்கு நிறம் தரும் கரித்தூள் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடுவதால், ஒளியை வைத்துப் பிரிக்கும் இயந்திரத்தின் கண்ணுக்கே அது படாது. ஆக, எண்ணைப் பார்ப்பதோடு நிற்காமல், உங்கள் பகுதியில் எதை எடுக்கிறார்கள் என்று குப்பை எடுப்பவரிடமோ உள்ளாட்சி அலுவலகத்திலோ ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

ஒன்றுக்கு மேற்பட்ட பொருட்களை ஒட்டிச் செய்தவைதான் ரொம்பவும் ஏமாற்றும். காகிதக் கோப்பை என்கிறோம். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. நொறுக்குத் தீனி வரும் பளபளப்பான பாக்கெட்டில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக இருக்கும். காகிதமா, தகடா, பிளாஸ்டிக்கா என்று சந்தேகம் வந்தால் கையில் கசக்கிப் பாருங்கள். கசங்கியபடியே இருந்தால் காகிதமாகவோ வெறும் அலுமினியத் தகடாகவோ இருக்கலாம். மெதுவாக விரிந்தால் பிளாஸ்டிக் கலந்தது. கடை ரசீதும் சாதாரணக் காகிதம் அல்ல. நகத்தால் கீறினால் கறுப்புக் கோடு விழுந்தால், அது வேதிப்பொருள் பூசிய வெப்பக் காகிதம். அதைக் காகிதத்தோடு சேர்க்கக் கூடாது. அடுப்பில் வைக்கக்கூடிய கண்ணாடிப் பாத்திரமும் பீங்கானும் கண்ணாடி பாட்டில்களோடு சேரக் கூடாது. அவை உருகும் வெப்பநிலை வேறு. கலந்தால் புதிய பாட்டிலில் கட்டி தட்டி, விரிசல் விடும்.

கழுவுவதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. பாதி எண்ணெயோடு போட்ட ஒரு டப்பா, வண்டியில் நசுங்கும்போது பக்கத்தில் உள்ள அட்டை முழுவதையும் ஊற வைத்துவிடும். எண்ணெய் ஏறிய காகிதத்தைக் கூழாக்க முடியாது. அதற்காக ஒவ்வொரு டப்பாவையும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டியதில்லை. பாத்திரம் அலம்பிய தண்ணீரில் ஒரு குலுக்கு, அப்புறம் கவிழ்த்து வைத்தால் போதும். காகிதம் மட்டும் நனையாமல் இருக்கட்டும்.

மறுபடி பயன்படுத்துவதிலும் நல்ல நோக்கம் வழி தவறுவது உண்டு. துணிப் பை நல்லது என்று எங்கே கிடைத்தாலும் வாங்கி வந்து, வீட்டில் இருபது பை தொங்கும். 2018-ல் டென்மார்க் சுற்றுச்சூழல் துறை வெளியிட்ட ஆய்வின்படி, காலநிலை பாதிப்பை மட்டும் பார்த்தால்கூட ஒரு சாதாரணப் பருத்திப் பையை 50 முறைக்கு மேல் பயன்படுத்தினால்தான் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். பிற பாதிப்புகளையும் சேர்த்தால் அந்த எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போகிறது. தெருவிலும் கடலிலும் சேரும் பிளாஸ்டிக்கை அந்த ஆய்வு கணக்கில் எடுக்கவில்லை. எனவே பிளாஸ்டிக் பைக்குத் திரும்பச் சொல்ல அது காரணமாகாது. இருக்கிற இரண்டு மூன்று பைகளையே கிழியும்வரை தைத்துத் தைத்துப் பயன்படுத்துங்கள் என்றுதான் நான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். பூச்சிமருந்து, பெயின்ட் வந்த டப்பாக்களை மட்டும் எவ்வளவு கழுவினாலும் தண்ணீருக்கோ சாப்பாட்டுக்கோ வைக்காதீர்கள்.

இவ்வளவு நேரம் பிளாஸ்டிக்கைப் பற்றியே பேசினோம். ஆனால் அதிகம் கவனிக்க வேண்டியது சாப்பாட்டுக் குப்பைதான். 2022-ல் மட்டும் உலகில் சுமார் 105 கோடி டன் உணவு வீணானது என்றும், அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து வந்தது என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் சொல்கிறது. 'அது மக்கிவிடும், மண்ணுக்கு நல்லதுதானே' என்று கலப்புக் குப்பையில் போடுகிறோம். குப்பை மேட்டின் அடியில் காற்று போகாது. காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் வெளிவருகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. கடைக்குப் போகும் முன் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்ப்பதும், பழையதை முன்னால் வைப்பதும் சின்ன வேலைகள்தான். ஆனால் எந்த மறுசுழற்சித் தொட்டியையும்விட அவை அதிகம் உதவும். லேபிளில் உள்ள தேதியிலும் கவனம் தேவை. 'இதற்கு முன் சிறந்தது' என்பது சுவையையும் தரத்தையும் பற்றியது. அந்த நாள் தாண்டியதுமே பொருள் கெட்டுவிட்டதாக ஆகாது. 'இதற்குள் பயன்படுத்துக' என்பதுதான் பாதுகாப்பைப் பற்றியது.

வீட்டிலேயே உரம் தயாரிக்கத் தொடங்கிக் கைவிடுபவர்கள் சொல்லும் காரணம் நாற்றம். ஈரமான காய்கறித் தோலை மட்டுமே கொட்டிக்கொண்டு வந்தால் நாறத்தான் செய்யும். உரமாக்கும் நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கார்பன் 25 முதல் 30 பங்கு வரை தேவை. அந்தக் கார்பன் காய்ந்த இலை, மரத்தூள், கிழித்த அட்டை ஆகியவற்றில் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஈரக் குப்பை போடும்போதும் அதே அளவோ கொஞ்சம் கூடுதலாகவோ காய்ந்ததைப் போட்டு, வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிட்டால் நாற்றம் போய்விடும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. இறைச்சி, பால் பொருள், எண்ணெய் ஆகியவற்றைச் சிறிய தொட்டியில் போட வேண்டாம். எலியும் ஈயும் வரும். 'மக்கும் பிளாஸ்டிக்' என்று விற்கும் கரண்டி, கோப்பைகளையும் போட வேண்டாம். அவற்றில் பல, 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் தொடர்ந்து இருக்கும் பெரிய ஆலைகளில்தான் மக்கும்.

இடம் அடைக்கிறது என்று பிளாஸ்டிக்கை எரிப்பதை உடனே நிறுத்துங்கள். குறிப்பாக பிவிசி எரியும்போது டயாக்சின் போன்ற நச்சுகள் வெளிவரும். அதை முதலில் சுவாசிப்பது வீட்டில் உள்ளவர்கள்தான்.

பேட்டரியையும் எந்தத் தொட்டியிலும் போடாதீர்கள். பழைய போன், விளையாட்டுப் பொருள், மின்சிகரெட் ஆகியவற்றில் உள்ள லித்தியம் பேட்டரி, வண்டியில் நசுங்கினாலோ துளைபட்டாலோ தீப்பிடிக்கும். இரு முனைகளிலும் டேப் ஒட்டி, தீப்பற்றும் பொருள் எதுவும் அருகில் இல்லாத உலர்ந்த இடத்தில் வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். ஏற்கனவே உப்பிப்போன பேட்டரியை மட்டும் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். அழுத்தாமல், குத்தாமல் எடுத்து, அன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.