பதினாறு பக்கம், ஐம்பது பிரதி: வேலூரில் ஒரு ஸீன் போடுவது எப்படி

மேகஸின் என்ற சொல்லின் வால்தான் ஸீன். ஒருவரோ நாலு பேரோ சேர்ந்து தாங்களே எழுதி, வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து, மடித்து, தைத்து, கையோடு கொடுக்கும் சின்னப் புத்தகம். கையெழுத்துப் பத்திரிகை என்று முன்பு ஒரே ஒரு பிரதியை வீடு வீடாகச் சுற்றுக்கு விடுவார்கள். அதோடு ஜெராக்ஸ் மெஷினைச் சேர்த்தால் ஸீன். தனியாக உட்கார்ந்தும் செய்யலாம். ஆனால் மடிப்பதும் தைப்பதும் நாலு கை சேர்ந்தால் ஒரு சாயங்கால வேலை. ஊரில் ஒரு குழு உருவாவது பெரும்பாலும் அந்தச் சாயங்காலத்தில்தான்.

இங்கே சொல்வது ஏ4 தாளைப் பாதியாக மடித்த ஏ5 அளவு, 16 பக்கம், 50 பிரதி. ஒரு பிரதிக்கு 4 தாள், மொத்தம் 200. 500 தாள் கொண்ட ஒரு ரீம் 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம் எடை) வாங்கினால் வீணாவதற்கும் சேர்த்தே தாராளம். முதல் தடவையே இருநூறு, முந்நூறு பிரதி என்று போகவேண்டாம். எழுத்துப்பிழை ஒன்று கண்ணில் பட்டால் 50 பிரதியில் கையால் திருத்தலாம். 300-ல் மனம் விட்டுப்போகும்.

முதலில் டம்மி

எழுதுவதற்கு முன், வரைவதற்கு முன், டம்மி, அதாவது வெற்றுத் தாளில் ஒரு மாதிரிப் புத்தகம். நான்கு வெற்றுத் தாளை ஒன்றாக மடித்து, புத்தகம் புரட்டுவது போலப் புரட்டி 1 முதல் 16 வரை பென்சிலால் எண் போடுங்கள். பிறகு தாள்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். இப்படி வந்திருக்கும்:

முதல் தாள்: முன்புறம் 16 | 1, பின்புறம் 2 | 15
இரண்டாம் தாள்: 14 | 3, பின்புறம் 4 | 13
மூன்றாம் தாள்: 12 | 5, பின்புறம் 6 | 11
நான்காம் தாள்: 10 | 7, பின்புறம் 8 | 9

பக்கத்தில் பக்கத்தில் வரும் இரண்டு எண்ணையும் கூட்டினால் எப்போதும் 17. கூட்டல் தப்பினால் அடுக்கும் தப்பு. 8, 9 மட்டும்தான் ஒரே தாளில் முழுசாக விரியும் நடுப்பக்கம். பெரிய படம் வைக்க வேண்டிய இடம் அதுதான். 4, 5-ல் குறுக்காக ஒரு படம் வரைந்தால் அதன் பாதி ஒரு தாளிலும் பாதி இன்னொரு தாளிலும் விழுந்து, ஜெராக்ஸில் இரண்டு மில்லிமீட்டர் விலகினால்கூட முகம் இரண்டாகப் பிளக்கும். டம்மி போடாமல் கடைக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

16 பக்கம் பயமாக இருந்தால் ஒரே ஏ4 தாளில் எட்டுப் பக்கம் செய்யலாம். தாளை எட்டுக் கட்டமாக மடித்து, நீளவாட்டு நடுமடிப்பில் நடு இரண்டு கட்டங்களின் நீளத்துக்கு மட்டும் கத்தரித்து, நீளவாக்கில் மடித்து, இரு முனையையும் உள்ளே தள்ளினால் 74 x 105 மிமீ அளவில் குட்டிப் புத்தகம். தையலே வேண்டாம்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு வசதி உண்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தமிழும் உருதுவும் ஒரே தெருவில் இருக்கின்றன. உருது வலமிருந்து இடம் போவதால் அதன் முன்னட்டை தமிழ்ப் புத்தகத்தின் பின்னட்டையில் தானாக வந்து உட்காரும். தமிழ் 1-ல் தொடங்கி 8-ல் முடியட்டும். உருது 16-ல் தொடங்கி 9-ல் முடியட்டும். இரண்டும் நடுப்பக்கத்தில் எதிரெதிரே சந்திக்கும். எதையும் தலைகீழாக்க வேண்டியதில்லை. குடியாத்தம், காட்பாடிப் பக்கம் தெலுங்கோடு சேர்த்துச் செய்தால் அது இடமிருந்து வலம் போகும் மொழி. இந்த வழி சரிவராது. தெலுங்குப் பாதியைத் தலைகீழாகத் திருப்பித்தான் வைக்க வேண்டும்.

வேலூரை உள்ளடக்கிய பழைய வடார்க்காடு மாவட்டத்தின் வரைபடம் போடுவது எல்லாருக்கும் வரும் ஆசை. போட்டால் எந்த ஆண்டின் வடார்க்காடு என்று கீழே எழுதுங்கள். 1911 வரை தலைநகரம் சித்தூர்; 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது; 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை இன்றைய கணக்கில் திருவண்ணாமலை மாவட்டம், பழைய கணக்கில் வடார்க்காடு.

ஜெராக்ஸ் கண்ணுக்கு எது தெரியும்

மெஷினுக்குக் கறுப்பு மட்டும்தான் நன்றாகத் தெரியும். பென்சில் கோடு மங்கும், பால்பாயிண்ட் திட்டுத்திட்டாக விழும், வெளிர் நீலம் பெரும்பாலும் காணாமல் போகும். அதனால் கட்டம் போட வெளிர் நீலப் பென்சில், வரைய 0.5 கறுப்பு டிராயிங் பேனா. ஓரத்தில் 4, 5 மிமீ வரை மெஷின் அடிக்காது. எழுத்தும் எண்ணும் ஓரத்திலிருந்து 10 மிமீ உள்ளே இருக்கட்டும். மடிப்புப் பக்கம் 12 மிமீ விடுங்கள்.

எங்கள் அனுபவத்தில் தமிழுக்கு வரும் பெரிய சங்கடம் புள்ளி. ஏ4-ல் எழுதி ஏ5-க்குச் சுருக்கும்போது அளவு 71 சதவீதம். 0.1 பேனாவால் வைத்த புள்ளி அந்தச் சுருக்கத்தில் கரைந்துவிடும். ‘கல்’ ‘கல’ ஆகிவிடும், ‘பத்து’ ‘பதது’ ஆகிவிடும். புள்ளியை அழுத்தமாக வையுங்கள், அல்லது குட்டி வட்டமாகப் போடுங்கள். கம்ப்யூட்டர் எழுத்தென்றால் அச்சில் 10 பாயிண்டுக்குக் கீழே இறங்காதீர்கள். கடைக்கு வேர்ட் ஃபைல் கொண்டுபோகவே கூடாது. உங்கள் எழுத்துரு அங்கே இல்லையென்றால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் ஓடும். பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள்.

படங்களை வெட்டி ஒட்டுவதற்கு ஃபெவிகால் வேண்டாம், அதன் ஈரத்தில் தாள் சுருங்கும். குளூ ஸ்டிக் போதும். ஒட்டிய தாளின் விளிம்பு கறுப்புக் கோடாக விழுந்தால் மாஸ்டரில் (ஜெராக்ஸ் எடுக்கக் கொடுக்கும் மூலத் தாளில்) அந்த இடத்தை ஒயிட்னரால் மூடுங்கள், அல்லது கடைக்காரரிடம் ஒரு படி ‘லைட்’ வைக்கச் சொல்லுங்கள்.

கடைக்குப் போகும்போது டம்மியைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். பேக் டு பேக், அதாவது தாளின் இரண்டு பக்கமும், எடுக்கும்போது தாள் குறுகிய ஓரத்தில் திரும்ப வேண்டும். நீண்ட ஓரத்தில் திரும்பினால் பின்பக்கம் தலைகீழாக நிற்கும். ஒரு செட் மட்டும் எடுத்து, அங்கேயே மடித்து, 16 பக்கமும் புரட்டிப் பார்த்த பிறகே மீதி 49. சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் பக்கத்துக் கடைகளுக்குத் திங்கட்கிழமை போகாதீர்கள். மக்கள் குறைதீர் நாள். மனு நகல் எடுக்க நிற்பவர்களை நாம் மறிக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் ஈரம் இழுத்து மெஷினில் சிக்கும். ரீமைப் பிரிக்காமல் வைத்திருந்து கடையில் பிரியுங்கள்.

அட்டை

200 முதல் 250 ஜிஎஸ்எம் வரையிலான அட்டை போதும். பெரும்பாலான ஏ4 அட்டையில் நார் நீளவாக்கில் ஓடும். நாம் மடிப்பது குறுக்கே. அதனால்தான் மடிப்பில் வெடிப்பு விழுகிறது. தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்தி இழுத்து, பிறகு மடியுங்கள். மடிப்பின் மேல் முழுக் கறுப்பு அச்சு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், டோனர் (ஜெராக்ஸ் மைப்பொடி) செதிலாக உதிரும்.

அட்டைப் படத்துக்குக் கையச்சு அழகு. செதுக்கி மை ஒற்றி அச்சிடும் லினோ ஷீட் கிடைக்காவிட்டால் செருப்புக்கு அடிப்பாகம் போடும் மைக்ரோ ஷீட்டே போதும். கத்தி சுலபமாக இறங்கும், அச்சில் மெல்லிய சொரசொரப்பு விழும். தலைப்பை டிரேசிங் பேப்பரில் எழுதி, கவிழ்த்துப் போட்டு, கண்ணாடியில் தெரிவது போலச் செதுக்க வேண்டும். வேலூர் வெயிலில் போஸ்டர் கலர் ஒற்றுவதற்குள் காய்ந்துவிடும். நாலு சொட்டு கிளிசரின் கலந்தால் தாங்கும். ஸ்டென்சில் வெட்டினால் வ, ஒ மாதிரி மூடிய சுழி உள்ள எழுத்துகளின் நடுத்துண்டு கழன்று விழும். சுழியை வெளியோடு பிடித்துவைக்க 2 மிமீ பாலம் விடுங்கள்.

தோல் ஊர்க்காரர்கள் நாம். ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ வெட்டுத் துண்டு கிடைத்தால் பத்துப் பிரதிக்கு மட்டும் தோல் அட்டை போடலாம். 1 மிமீக்கு மேல் தடிமன் வேண்டாம், புத்தகம் மூடாமல் வாயைத் திறந்துகொண்டே நிற்கும். நான்கு பக்கமும் 3 மிமீ கூடுதலாக வெட்டுங்கள். பளபளப்பு ஏற்றிய தோலில் மைதாப் பசை பிடிக்காது. ஒட்டாமல் தாளோடு சேர்த்துத் தைத்துவிடுவதே நல்லது.

தையல்

சின்ன ஸ்டேப்ளர் நடுமடிப்பு வரை எட்டாது. புத்தகத்தைத் திறந்து கவிழ்த்து, அடியில் தெர்மாகோல் வைத்து, ஸ்டேப்ளரை விரித்துப் பின்னை இறக்கி, உள்ளே நீட்டும் கால்களைக் கரண்டிக் காம்பால் மடக்கலாம். ஆனால் பின் ஈரத்தில் துருப்பிடிக்கும். நூல் மேல்.

மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலிருந்து 4 செமீ, கீழிருந்து 4 செமீ. குத்தூசியால் உள்ளிருந்து வெளியே குத்துங்கள். நூல் முதுகு உயரத்தில் இரண்டரை மடங்கு. 21 செமீக்கு 53 செமீ. தறி நூல் என்றால் மூன்று இழையை முறுக்கி, மெழுகுவர்த்தியில் ஒரு தடவை உரசுங்கள், சிக்கு விழாது. உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே, மேல்துளையில் உள்ளே, நடுவை விட்டுவிட்டு நேராகக் கீழ்த்துளையில் வெளியே, மறுபடி நடுத்துளையில் உள்ளே. இப்போது உள்ளே ஓடும் நீள நூலின் இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை நிற்கும். நீள நூலை நடுவில் பிடித்து இரட்டை முடிச்சுப் போடுங்கள். இரண்டு முனையும் ஒரே பக்கம் நின்றால் தையல் தளர்ந்துவிடும். இழுக்கும்போது முதுகுக்கு இணையாக இழுங்கள், செங்குத்தாக இழுத்தால் தாள் கிழியும்.

தைத்தபின் நடுத்தாள்கள் அரை மில்லிமீட்டர் வெளியே துருத்தும். பைண்டிங் கடை கட்டிங் மெஷினில் முன் ஓரத்தை 3 மிமீ வெட்டினால் சமமாகிவிடும்.

கொடுப்பதும் வைப்பதும்

உள்ளட்டையில் ஆண்டு, ஊர், எத்தனை பிரதி, யார் யார் செய்தது என்று கட்டாயம் போடுங்கள். ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று அச்சிடுவது சிற்றிதழ்களின் நெடுநாள் வழக்கம். ஆனால் அவதூறுக்கோ, அடுத்தவர் படத்தைக் கேட்காமல் எடுத்ததற்கோ அது கேடயம் ஆகாது. செய்தியோ செய்தி பற்றிய கருத்தோ தாங்கிக் குறித்த இடைவெளியில் வரும் இதழுக்கு 2023-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு தேவை. ஆகவே ‘மாத இதழ்’ என்று போடாமல் ஒவ்வொன்றையும் தனித் தலைப்புள்ள தனிப் புத்தகமாகப் போடுங்கள்.

ஐம்பதில் பத்தை விற்காமல் பரிமாற்றத்துக்கு ஒதுக்குங்கள். இன்னொரு ஊர்க்காரர் தன் ஸீனைத் தந்தால் நம்முடையதைத் தருவதற்கு. படத்துக்கோ பேச்சுக்கோ இடம் கொடுத்த கூத்துக்காரருக்கும் நெசவாளருக்கும் தலா ஒரு பிரதி, எல்லாருக்கும் முன்னால்.

மாஸ்டர் தாள்களைப் பிளாஸ்டிக் ஃபைலில் போடாதீர்கள். சித்திரை வெயிலில் டோனர் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு எழுத்தையே உரித்துக்கொண்டு வரும். வெள்ளைத் தாளை இடையிடையே வைத்து, அட்டைப் பெட்டியில், படுக்கையாக வையுங்கள். கூடவே தைக்காத ஒரு பிரதியையும் அந்த டம்மியையும் போட்டு மூடுங்கள். மறுபதிப்பு கேட்டு யாராவது வரும்போது முதலில் தேடப்போவது டம்மியைத்தான்.