திங்கட்கிழமை வரை நன்றாக இருந்த பாட்டி: டிமென்ஷியா பராமரிப்பில் செய்யக்கூடாத தவறுகள்

நீலகிரியில் உறைபனி விழத் தொடங்கியதும், டிமென்ஷியா என்னும் மறதிநோய் உள்ளவர்களைப் புதிதாகப் பராமரிக்க இறங்கிய குடும்பங்கள் அதே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன. தொடக்கத்தில் நாங்களும் செய்தவைதான் என்பதால் கோபப்படும் உரிமை எங்களுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனாலும் எரிச்சல் வருகிறது. மாத்திரை டப்பாவை எட்டாத இடத்தில் வையுங்கள், குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுவோம்.

திடீர் மாற்றத்தைப் பார்த்து ‘முத்திப்போச்சு’ என்று முடிவு கட்டுவது

கோத்தகிரிப் பக்கத்து வீடுகளில் டிசம்பர், ஜனவரியில் இது இப்படித்தான் நடக்கும். மறதி இருந்தாலும் பாட்டி தானே சாப்பிடுவார், வாசலில் வெயில் காய்வார், மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். திங்கட்கிழமை வரை அப்படித்தான் இருந்தார். செவ்வாய் இரவு சுவரில் பூச்சி ஓடுகிறது என்கிறார். புதன்கிழமை மகளையே யாரென்று கேட்கிறார். வியாழன் முழுக்கத் தூக்கம். வீட்டில் உள்ளவர்கள் ‘வயசாச்சு, நோய் முத்திப்போச்சு’ என்று ஒரு வாரம் பார்க்கிறார்கள். பிறகு கார் பிடித்து, மேட்டுப்பாளையம் இறங்கி, கோவையில் ஸ்கேன் எடுக்கிறார்கள். அதில் போன வருடம் தெரிந்த அதே மூளைச் சுருக்கம்தான் தெரிகிறது. கோளாறு இருந்தது சிறுநீரில்.

டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இறங்கும் நோய். சில மணி நேரத்திலோ இரண்டு மூன்று நாளிலோ ஒருவர் ஆளே மாறினால், அது டெலிரியம் என்னும் திடீர் மனக்குழப்பமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். டிமென்ஷியா உள்ள மூளைக்கு இது சுலபமாக வரும். லூயி பாடி வகை டிமென்ஷியாவில் நாளுக்கு நாள் ஏற்ற இறக்கமும் மாயக்காட்சிகளும் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பழைய ஏற்ற இறக்கம் எப்படி இருக்கும் என்பது வீட்டாருக்குத் தெரியும். டெலிரியம் அதைத் தாண்டிப் போகும்.

கத்துகிறவரை எல்லோரும் கவனிக்கிறார்கள். சுருண்டு படுத்திருப்பவரை ‘நிம்மதியாத் தூங்கட்டும்’ என்று விட்டுவிடுகிறார்கள். அமைதியாக வரும் டெலிரியம்தான் அதிகம் தவறிப்போகிறது.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். ஞாயிறிலிருந்து கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாததை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். போன வாரம் முடிந்தது இந்த வாரம் முடியவில்லை என்பதுதான் செய்தி. பேச்சு ஏற்கெனவே குறைந்தவர் என்றால், நீங்கள் பேசும்போது கண் உங்கள் மேல் நிற்கிறதா, நழுவி நழுவிப் போகிறதா என்று பாருங்கள்.

மலையில் இதற்குக் காரணங்கள் கூடுதல். குளிரில் தாகம் தெரியாது. கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்தால், ராத்திரி எழுந்து போகப் பயந்து சாயங்காலமே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். பகல் முழுக்க நாலு டம்ளர் டீயோடு சரி. சிறுநீர் கெட்டியாகும், தொற்று வரும், மலம் இறுகும். முதியவர்களுக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். அதுவும் குழப்பத்தில்தான் கொண்டுவிடும்.

அடுத்தது சளி மாத்திரை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற பல மாத்திரைகளிலும் இருமல் மருந்துகளிலும் குளோர்ஃபெனிரமின் என்னும் அலர்ஜி மருந்து இருக்கும். அது மூளையில் நினைவுக்கு உதவும் ரசாயனமான அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கும். மறதிக்குக் கொடுக்கும் டோனபெசில் அதே அசிட்டைல்கோலினைக் கூட்டத்தான் பாடுபடுகிறது. காலையில் ஊற்றியதை ராத்திரி கொட்டுகிற கதை.

மூன்றாவது, மூடிய அறைக்குள் கரி அடுப்பு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வீட்டில் இன்னொருவருக்கும் தலைவலியோ வாந்தியோ இருந்தால் கதவு, ஜன்னலைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 108ஐ அழையுங்கள்.

அன்றே செய்ய வேண்டியது, இந்த வரிசையில்: முகம் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் வேறு எதையும் பார்க்காமல் 108. இல்லையென்றால் குளுக்கோமீட்டரில் சர்க்கரை பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, விழுங்கவும் முடிந்தால் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார், எப்போது மலம் போனார்? அடிவயிறு உப்பி, சிறுநீரே வரவில்லை என்றால் டியூப் வைக்க வேண்டியிருக்கும். கடந்த பத்து நாளில் புதிதாகத் தொடங்கியது, நிறுத்தியது, கடையில் வாங்கியது என எல்லா மருந்தையும் பையில் போட்டுக்கொண்டு பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீர், ரத்த அணுக்கள், சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் ஆகிய பரிசோதனைகளைப் பற்றிக் கேளுங்கள். முதியவர்கள் சிறுநீரில் தொந்தரவு தராத கிருமி இருப்பது சகஜம். ஆகவே அது ‘பாசிட்டிவ்’ என்றதும் தேடலை நிறுத்த வேண்டாம். நிமோனியாவையும் மருந்துகளையும் பார்க்கச் சொல்லுங்கள். சமீப வாரங்களில் கீழே விழுந்திருந்தால் ஸ்கேன் அவசரம்: மண்டைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து சேர்ந்திருக்கலாம்.

டாக்டரிடம் முதல் வாக்கியமே ‘டிமென்ஷியா பேஷன்ட்’ என்று இருக்க வேண்டாம். அதைக் கேட்டதும் பல இடங்களில் விசாரணை அங்கேயே முடிந்துவிடுகிறது. “இது மூணு நாள்ல வந்த மாற்றம், போன வாரம் இப்படி இல்ல” என்று தொடங்குங்கள்.

இதற்குத் தூக்க மாத்திரை கொடுப்பது எரிகிற வீட்டில் அபாய மணியைக் கழற்றுவது போல. காரணத்தைச் சரிசெய்த பிறகும் தெளிய வாரங்கள் ஆகலாம். சிலர் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவதில்லை. தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் அதனால்தான் கனக்கிறது.

ஆக்சிமீட்டரைப் பார்த்துப் பதறுவது

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். சமவெளியில் 98 காட்டுகிறவருக்கு இங்கே 94, 95 காட்டலாம். விரல் சில்லிட்டிருந்தால் இன்னும் தவறும். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள்.

சுடுதண்ணீர்ப் பை

துணி சுற்றாமல் வைக்காதீர்கள்; சுடுகிறது என்று அவர் சொல்ல மாட்டார்.

‘வீட்டுக்குப் போகணும்’ என்பவரைத் திருத்துவது

1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து கூடலூர், கோத்தகிரித் தோட்டங்களில் குடியேறியவர்கள் இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். அண்மை நினைவு முதலில் அழியும். பழையது வெகுநாள் நிற்கும். “பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும்” என்று ஒரு அம்மா கிளம்பினால், அவர் போகப்பார்ப்பது இலங்கையில் ஹட்டன் பக்கத்து லயத்துக்காக, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக்காக இருக்கலாம். “இதுதான்மா உங்க வீடு” என்று பத்து முறை சொன்னால் பத்து முறையும் சண்டைதான். “வீட்டுல யாரும்மா இருக்காங்க?” என்று கேளுங்கள். அவர் சொல்லட்டும். கூடவே பத்தடி நடந்து, டீ குடிக்கத் திரும்பிவிடலாம். நீலகிரிப் படுகர்களின் மொழியான படுகு பேசி வளர்ந்தவர் தமிழை விட்டு அதற்கே திரும்பினாலும் இதே கதைதான். அவரோடு அந்த மொழியிலேயே பேசுங்கள்.

பொழுது சாயும்போது இது கூடும். மூடுபனி நாளில் நாலரை மணிக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். கதவில் மணி கட்டுங்கள். அந்தி நேரத்தில் தேயிலைக் காட்டுக்குள் காட்டெருமையும் கரடியும் இருக்கும். காணவில்லை என்று தெரிந்தால் கால் மணி நேரம் நீங்களே தேடிக்கொண்டிருக்காமல் பக்கத்து லைன்காரர்களை உடனே கூப்பிடுங்கள்.

டோனபெசிலிடம் நினைவைத் திருப்பிக் கேட்பது

5 மில்லிகிராமில் தொடங்கி, 4 முதல் 6 வாரம் கழித்துத்தான் 10க்குப் போவார்கள். அது போனதை மீட்காது. சிலருக்குச் சரிவைக் கொஞ்சம் தாங்கிப்பிடிக்கும். மயக்கம் வந்தால் நாடித்துடிப்பை எண்ணுங்கள். இதயத்துடிப்பைக் குறைக்கக்கூடிய மருந்து அது.

படுக்க வைத்து ஊட்டுவது

கூடாது.

ஒரே மருமகள் தலையில் கட்டுவது

‘யாராவது உதவி பண்ணுங்க’ என்றால் யாரும் வரமாட்டார்கள். ‘வியாழன் மதியம் 2லிருந்து 6 வரை நீ’ என்று கேளுங்கள். முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டாவது எண் பராமரிப்பவருக்கும்தான்.

திருப்பூரில் இருக்கும் மகன் ஃபோன் செய்வார். “நல்லாருக்கேன் சாமி, சாப்பிட்டியா?” என்று அம்மா தெளிவாகப் பேசுவார். ஐந்து நிமிடம் அப்படிப் பேச அவர்களால் முடியும். பழகிய வார்த்தைகள் கடைசிவரை வரும். உடனே மகன் அண்ணியிடம் “அம்மா நல்லாத்தானே பேசுறாங்க, நீங்கதான் பெருசு பண்றீங்க” என்பார். அவருக்குப் பதில் சொல்லாதீர்கள். அண்ணியை அவர் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மகனை வரச் சொல்லுங்கள். இரண்டு ராத்திரி, விடியும்வரை.